காயல்பட்டினத்தில் பெட்டிகள் நிறைந்த ஒரு வீடு

உங்கள் இல்லத்தில் எத்தனை தலையணைகள் உள்ளன என்று யாரேனும் திடீரென்று கேட்டால், எண்ணிப் பாராமல் விடை கூற உங்களால் இயலுமா? நான் பிறந்த வீட்டில் 31 தலையணைகள் இருந்தன. அவற்றில் தலை வைத்து உறங்குவோர் மூவர். இந்தக் கணக்கு எனக்கும் முன்பு தெரியாது. 2024 பிப்ரவரியில், ஷஅபான் பிறந்து சில நாட்கள் சென்றபின், ராத்தாவின் அழைப்பை ஏற்றுக் காயல்பட்டினம் சென்று நான்கு நாட்கள் தங்கியபோதுதான் எண்ணி அறிந்தேன். அந்த நான்கு நாட்களைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் ரயிலில் ஏறினேன். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி என்று ஒவ்வொரு நிலையமாகக் கடந்து செல்லும் இந்தப் பாதை எனக்கு இளமை முதலே பழக்கமானது. வாழைத் தோட்டங்களும் நெல்வயல்களும் மாறி மாறி வந்து, ஆறுமுகநேரியை நெருங்கும்போது உப்பளங்கள் வெள்ளையாகத் தென்படும். ஆனால் இம்முறை சன்னலுக்கு வெளியே நான் கண்டது வேறு காட்சி. சாய்ந்து கிடந்த வாழைகள், சேறு படிந்த சுவர்கள், தண்டவாளத்தின் இருபுறமும் புதிதாகக் கொட்டப்பட்ட கருங்கல் ஜல்லி.

2023 டிசம்பர் 17ஆம் நாள் இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்ட முடியாமல் நின்றுபோனதை நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். செய்துங்கநல்லூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் இடையே தண்டவாளத்தின் கீழிருந்த கல்லையும் மண்ணையும் வெள்ளம் அரித்துச் சென்றுவிட, இரும்புப் பாதை அந்தரத்தில் தொங்கியது. ஏறக்குறைய 800 பயணிகள் சிக்கிக்கொண்டனர். தங்கள் வீடுகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்த நிலையிலும், பக்கத்துச் சிற்றூர் மக்கள் உலை வைத்து அவர்களுக்குச் சோறு ஆக்கிக் கொடுத்தார்கள். 18ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்தில் வழக்கமாக ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையைக் காட்டிலும் அது அதிகம்.

அந்த இரவில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுமுன், வீட்டைப் பற்றிச் சில சொற்கள் கூறியாக வேண்டும். காயல்பட்டினத்தில் பெண் கணவன் வீட்டுக்குக் குடிபோவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு மகளுக்கு உரியது. எனவே, நான் பிறந்த வீடு என் வீடன்று. அது உம்மாவின் வீடாக இருந்து, இப்போது ராத்தாவின் வீடாகியிருக்கிறது. நாளை ராத்தாவின் மகளுடைய வீடாகும். நான் அங்கே விருந்தாளி. ஆண்மக்களாகிய நாங்கள் திருமணமானதும் ஒரு சூட்கேசோடு வெளியேறிவிடுகிறோம். எங்கள் பழைய புத்தகங்களும் கிரிக்கெட் மட்டைகளும் மட்டும் பின்தங்கிவிடுகின்றன.

வீடு அகலம் குறைந்தது, நீளம் மிகுந்தது. முன்வாசலில் ஆண்கள் அமரும் திண்ணையும் கூடமும், அவற்றை அடுத்து முற்றமும் அறைகளும், கடைசியில் அடுக்களையும் கொல்லையும். பக்கவாட்டில் முடுக்கு. இரண்டு வீடுகளின் சுவர்களுக்கிடையே ஓடும் அந்த ஒடுங்கிய சந்தின் வழியாகத்தான் பெண்கள் தெருவுக்கு வராமலே ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குப் போய்வருவார்கள். மேலே மச்சு. கூடத்தின் ஓரத்திலிருந்து அதற்கு ஏறிச் செல்ல மரப்படிகள் 14.

மொத்தம் ஆறு அறைகள். உம்மா, ராத்தா, ராத்தாவின் மகள் ஆகிய மூவர் மட்டுமே அங்கே வசிக்கின்றனர். மச்சான் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆண்மக்கள் இருவரும் ஹாங்காங்கில். அப்படியிருக்க, உம்மா எங்கே படுத்துக்கொண்டிருந்தார்கள் தெரியுமா? நடையில். ஆறு அறைகளில் நான்கைப் பொருள்கள் பிடித்துக்கொண்டிருந்தன.

டிசம்பர் 17 இரவு பத்து மணிக்கு மேல் முற்றத்தில் தண்ணீர் நிற்கத் தொடங்கியது. பிறகு நடைக்கு வந்தது. மின்சாரம் இல்லை. 82 வயதான உம்மாவை மச்சுக்கு ஏற்றிவிட வேண்டும் என்று ராத்தாவும் மகளும் முடிவு செய்து கைவிளக்கோடு படியருகே சென்றனர். அங்கேதான் திகைத்து நின்றனர். படிகளில் கால் வைக்க இடமில்லை. முதற்படியில் வெங்காயக் கூடை, இரண்டாவதில் பழைய செய்தித்தாள், மூன்றாவதில் செருப்புகள், அதற்கு மேல் வாளி, பிளாஸ்க் பெட்டி, மாவு அரைக்கும் இயந்திரத்தின் அட்டைப்பெட்டி, பாதி சாக்கு அரிசி. படிக்கட்டு நெடுங்காலமாகவே அலமாரியாகிவிட்டிருந்தது. இளம்பெண் ஒருத்தி பக்கவாட்டில் கால்வைத்து ஏறிவிடலாம். கைப்பிடித்து நடத்த வேண்டிய மூதாட்டி எப்படி ஏறுவார்கள்? இருட்டில் ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் வீசிக்கொண்டிருந்தபோது உம்மா ஒரு டிரங்குப் பெட்டியின் விளிம்பில் கால் இடறி விழுந்தார்கள். ராத்தா போட்ட கூக்குரலைக் கேட்டு முடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டு இளைஞர்கள் இருவர் இடுப்பளவு தண்ணீரில் வந்து, உம்மாவை நாற்காலியோடு தூக்கித் தங்கள் மாடிக்குக் கொண்டு போனார்கள். அல்ஹம்துலில்லாஹ், எலும்பு முறியவில்லை. மணிக்கட்டு மட்டும் சுளுக்கியிருந்தது.

"நம் வீட்டு மச்சு இருக்க, அடுத்த வீட்டு மாடியில் மூன்று நாள் இருந்தோம் தம்பி. மழையால் அல்ல, வெங்காயக் கூடையால்!" என்று ராத்தா தொலைபேசியில் சொன்னபோது அவருடைய குரலில் சிரிப்பும் அழுகையும் கலந்திருந்தன.

மற்றொரு காரணமும் இருந்தது. ராத்தாவின் மகளுக்கு ஷவ்வாலில் நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை இந்த வீட்டுக்குத்தான் வரப்போகிறார். வந்தால் இருக்க அறை வேண்டும். அதற்காக மச்சின் மேல் இன்னொரு தளம் எழுப்பிவிடலாம் என்று ராத்தா கொத்தனாரை அழைத்துப் பேசியிருந்தார். பல லட்சம் ரூபாய் ஆகும். பாதிக்குக் கடன். ஆறு அறைகளில் மூவர் வாழும் வீட்டில் நான்காமவருக்கு இடமில்லை என்பதற்காகக் கடன் வாங்குவதா? அதைக் கேட்க எனக்கு உரிமை உண்டா இல்லையா என்ற தயக்கத்தோடுதான் நான் ரயிலை விட்டு இறங்கினேன்.

மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையோரமாகப் பயணம் செய்தபோது காயல் என்ற பெரிய துறைமுகத்தைப் பற்றி எழுதினார். குதிரைகளும் முத்துகளும் கைமாறிய அந்தத் துறைமுகம் வடக்கே உள்ள பழையகாயல்தான் என்பது கால்டுவெல்லின் முடிவு. அதற்கும் முன்னர் கொற்கை. தாமிரபரணி ஆண்டுதோறும் கொண்டுவந்து சேர்த்த வண்டலால் ஒவ்வொரு துறைமுகமாகத் தூர்ந்துபோக, கடல் விலகியது. வணிகமும் வேறிடம் தேடிச் சென்றது. ஆனால் எங்கள் வீடுகள் இடம் பெயர்வதில்லையே! அங்கேதான் சிக்கல்.

வாடகை வீட்டில் வாழ்கிறவர்களை எண்ணிப் பாருங்கள். நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடு மாற வேண்டியிருக்கும். வண்டிக்காரர் வந்து நிற்கும்போது ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது நம்மோடு வருமா வராதா என்று முடிவு செய்தே ஆக வேண்டும். மற்ற ஊர்களில் மணமாகிப் போகும் பெண்ணுக்கும் அப்படி ஒரு நாள் வாய்க்கிறது. எங்கள் ஊரில் பெண்ணுக்கு அந்த நாள் வருவதேயில்லை. பிறந்த அறையிலேயே மணக்கோலம் பூண்டு, அங்கேயே பிள்ளைகளைப் பெற்று, அங்கேயே பேரப்பிள்ளைகளையும் காண்கிறாள். உம்மாவின் சீரும் ராத்தாவின் சீரும் மகளுக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த சீரும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. கொழும்பிலிருந்து வந்த கள்ளிப்பெட்டியின் மேல் தம்மாமிலிருந்து வந்த அட்டைப்பெட்டி. அதன் மேல் ஹாங்காங்கிலிருந்து வந்த கம்பளி. எங்கள் வீட்டு அறைகளைத் தோண்டினால் எங்கள் ஆண்கள் எந்தெந்தக் காலத்தில் எந்தெந்தக் கடலைத் தாண்டினார்கள் என்று அடுக்கு அடுக்காகச் சொல்லிவிடலாம்.

முதல் நாள் நான் எந்த அறையையும் தொடவில்லை. படிக்கட்டையும் நடையையும் மட்டும் காலி செய்தோம். இதை நான் திட்டமிட்டுச் செய்தேன் என்று சொன்னால் பொய். அறைக்குள் புகுந்தால் சண்டை வரும் என்ற அச்சம்தான் காரணம். ஆனால் அதுவே நல்ல தொடக்கமாக அமைந்தது. படியிலும் நடையிலும் இருப்பவை எவருக்கும் நெஞ்சோடு ஒட்டிய பொருள்கள் அல்ல. இடமில்லாமல் அங்கே ஒதுங்கியவை. அவற்றை அகற்றுவதில் எவருக்கும் மனவருத்தம் இல்லை. மாலையில் உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி, நெடுநாளைக்குப் பிறகு மச்சுச் சன்னலருகே போய் உட்கார்ந்தார்கள். அதைக் கண்டதும் ராத்தாவின் மனம் இளகியது. நீங்களும் தொடங்குவதாக இருந்தால் அலமாரியில் தொடங்காதீர்கள். கால் நடக்கும் வழியில் தொடங்குங்கள்.

மறுநாள் பாத்திர அறை. செம்பு அண்டாக்கள், வெண்கலப் பானைகள், பித்தளைத் தாம்பாளங்கள், பீங்கான் கோப்பைகள், பிரிக்கப்படாத உறைகளோடு எவர்சில்வர் குடங்கள். ராத்தாவின் திருமணக் களறிக்காக வாங்கிய சஹன்கள் மட்டும் 40. ஒரு சஹனைச் சுற்றி மூன்று நான்கு பேர் அமர்ந்து நெய்ச்சோறு உண்பது எங்கள் ஊர் வழக்கம் என்பதை அறிவீர்கள். ஆனால் அந்த 40 சஹன்களும் 1989இல் ஒருமுறை வெளியே வந்தவை. அதற்குப் பிறகு வரவில்லை. களறிக்கு இப்போது எல்லாரும் வாடகைப் பாத்திரம்தான் எடுக்கிறார்கள்.

பாத்திரங்களில் ஒரு தனித் தொல்லை உண்டு. அவற்றின் விளிம்பில் பெயர் வெட்டியிருக்கும். இன்னார் திருமணத்துக்கு இன்னார் அன்பளிப்பு என்று தேதியோடு எழுதப்பட்ட குடத்தை எடுத்து வெளியே கொடுக்க யாருக்கு மனம் வரும்? "இது மர்ஹூம் சாச்சி தந்தது", "இது மாமி வீட்டுச் சீர்" என்று உம்மா ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துத் திரும்ப உள்ளே வைக்கச் சொன்னார்கள். நண்பகல் வரை ஒரு கரண்டிகூட வெளியேறவில்லை.

ராத்தாவின் மகள் படித்த பெண். ஜப்பானிய மாது மரியே கோண்டோ 2011இல் எழுதி உலகெங்கும் விற்பனையான நூலின் முறையைப் பின்பற்றலாம் என்றாள். ஒவ்வொரு பொருளையும் கையில் ஏந்தி, அது மகிழ்ச்சி தருகிறதா என்று மனத்தைக் கேட்க வேண்டுமாம். உம்மாவிடம் கேட்டோம். எல்லாமே மகிழ்ச்சி தந்தன! ஓட்டை விழுந்த எண்ணெய்த் தூக்குகூட மகிழ்ச்சி தந்தது. மூன்று குழந்தைகளுக்குத் தாயான பிறகு வீட்டைப் பழையபடி ஒழுங்காக வைப்பதைத் தாமும் ஓரளவு கைவிட்டுவிட்டதாக 2023இல் அந்த அம்மையாரே கூறினார் என்பதை நான் எடுத்துச் சொன்னேன். மருமகளுக்கு என்மேல் கோபம்.

பூட்டிய மனத்தைத் திறந்த சாவி வேறோர் இடத்திலிருந்து வந்தது. அன்று மாலை, வீட்டு வேலையில் ராத்தாவுக்கு உதவும் பெண்மணி வந்தார். ஆற்றங்கரை ஊரைச் சேர்ந்தவர். வெள்ளத்தில் அவருடைய வீட்டின் மண்சுவர் கரைந்து பாத்திரம் பண்டம் அனைத்தும் போய்விட்டன. சோறு வடிக்க ஒரே ஒரு பானை வைத்துக்கொண்டு ஐந்து பேருக்குச் சமைப்பதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். உம்மா எழுந்தார்கள். உள்ளே போய், சாச்சி தந்த குடத்தையும் இரண்டு பானைகளையும் தாமே எடுத்து வந்து அவர் முன்னே வைத்தார்கள். "இன்னும் யாருக்கு இல்லை?" என்று கேட்டார்கள். அந்தப் பெண்மணி தம் தெருவிலிருந்த ஒன்பது வீடுகளைப் பெயர் சொல்லி எண்ணினார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உம்மா ஒரு குடம், ஒரு பானை, இரண்டு தட்டு என்று எடுத்து வைத்துக்கொண்டே போனார்கள்.

"ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் உம்மா" என்று காலை முழுவதும் நான் மன்றாடியபோது அசையாத கை அது. ஏழைகள் என்ற பொதுச்சொல்லுக்கு ஒரு கரண்டியும் கிடைக்கவில்லை. பெயரும் தெருவும் உள்ள ஒன்பது வீடுகளுக்கு அறையில் பாதி போய்விட்டது.

அந்த வேகத்தில் நான் ஒரு பிழை செய்யப் பார்த்தேன். வெள்ளத்தில் நனைந்து பூஞ்சணம் பூத்திருந்த பஞ்சு மெத்தைகளையும் அதே வண்டியில் ஏற்றிவிடலாமே என்றேன். ராத்தா தடுத்துவிட்டார். "நாம் படுக்க மாட்டோம் என்பதை அவர்கள் மட்டும் எப்படிப் படுப்பார்கள்?" அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள், ராத்தா எனக்கு அதைத்தான் நினைவூட்டினார். வீட்டைத் துப்புரவாக்கும் ஆர்வத்தில் குப்பையை ஸதகாவாக மாற்றிவிடும் பழக்கம் நம்மிடையே பெருகிவருகிறது. கிழிந்த துணிகளையும் உடைந்த பொம்மைகளையும் நிவாரண மையத்தில் இறக்கிவிட்டு, நன்மை செய்துவிட்டோம் என்ற நிறைவோடு திரும்புகிறோம். அதைப் பிரித்து அள்ளிக் கொட்டுவது அங்கே இருப்பவர்களின் வேலையாகிறது. நனைந்த மெத்தைகள் ஒன்பதையும் நகராட்சி வண்டியிலேயே ஏற்றினோம். விரிப்புகளைப் பற்றிய அந்த நபிமொழியை, நான்காவது விரிப்பு யாருக்கு உரியது என்பதை, நீங்கள் அறிவீர்கள். ஒன்பதாவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் நாள், கிதாபுகள் இருந்த அறை.

முஸ்லிம் இல்லங்களில் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வகைச் சேர்மானம் உண்டு. அரபு எழுத்துள்ள தாளை நாம் குப்பையில் போடுவதில்லை, போடவும் மாட்டோம். எனவே கட்டுவிட்ட குர்ஆன் பிரதிகள், மத்ரஸாப் பாடநூல்கள், மௌலிது ஏடுகள், திருமண அழைப்பிதழ்கள், நாட்காட்டிகள் எல்லாம் பைகளில் கட்டி எங்கேனும் உயரத்தில் வைக்கப்படுகின்றன. யமன் நாட்டு ஸன்ஆ நகரின் பெரிய பள்ளிவாசலில் 1972இல் பழுதுபார்க்கும் பணியின்போது, கூரைக்கு அடியில் குவிந்து கிடந்த பழைய தோல் ஏடுகள் வெளிப்பட்டன. அவற்றுள் குர்ஆனின் மிகத் தொன்மையான கையெழுத்து ஏடுகள் சில இருந்தன. ஒதுக்கி வைத்தவர்கள் மரியாதைக்காக ஒதுக்கினார்கள். அது வரலாற்றுக் கருவூலமாயிற்று. ஆகவே இந்தப் பைகளை எவரும் பார்க்காமல் வெளியேற்றக் கூடாது. பார்க்காமலேயே வைத்திருப்பதும் தவறு என்பதை அன்று கண்டேன்.

எங்கள் வீட்டில் அத்தகைய பைகள் 11. அவற்றுள் ஏழு கண்ணாடி அலமாரியின் மேல் இருந்தன. நான்கு, இடமில்லாததால், தரையில் இருந்த டிரங்குப் பெட்டிக்குள். அந்தப் பெட்டியில்தான் உம்மாவின் வாப்பா வைத்திருந்த அரபுத்தமிழ் நூல்கள் இருந்தன. தமிழ் மொழியை அரபு எழுத்தில், தமிழ் ஒலிகளுக்கெனப் புள்ளிகளும் குறிகளும் கூட்டி எழுதிய நூல்கள் அவை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் (1816–1898) 'ஃபத்ஹுத் தய்யான்' போன்ற நூல்களை நம் பாட்டிமார் சரளமாக வாசித்தார்கள். தமிழ் எழுத்து அறியாதவர்கள்கூட இவ்வெழுத்தின் வழியே தமிழில் மார்க்கம் கற்றார்கள்.

பெட்டியைத் திறந்தேன். நான்கு பைகளும் ஒரே கட்டியாக இறுகியிருந்தன. தண்ணீர் வடிந்தபின் ராத்தா அவற்றை மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்துத் திரும்பவும் பெட்டியில் வைத்திருக்கிறார். அவரைக் குறை கூற முடியாது. நாம் எல்லாரும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் செய்யக் கூடாதது அதுவே. நனைந்த நூலை வெயிலில் வைத்தால் தாள் சுருங்கிப் பலகையாகிவிடும். ஒட்டிய ஏடுகளை இழுத்துப் பிரிக்கவும் கூடாது. நிழலில், மின்விசிறிக் காற்றில், நடுநடுவே அச்சில்லாத உறிஞ்சும் தாளைச் செருகி அடிக்கடி மாற்றிக்கொண்டே வர வேண்டும். இரண்டு மூன்று நாட்களுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால், உடனே கவனிக்க முடியாதவற்றைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு குளிர்பதனப் பெட்டியின் உறைய வைக்கும் பகுதியில் வைத்துவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாக எடுக்கலாம். 1966 நவம்பரில் ஆர்னோ ஆற்று வெள்ளம் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகர நூலகத்துள் புகுந்து லட்சக்கணக்கான நூல்களை நனைத்த பிறகு, நூல் காப்பாளர்கள் இதுபோன்ற பல பாடங்களைக் கற்றார்கள். நமக்கும் அவை தெரிந்திருக்க வேண்டும்.

கட்டியாகிவிட்டதில் இனி வாசிக்க எதுவும் இல்லை என்று தெளிந்தபின், மருமகளின் உதவியோடு அதைத் தூய வெள்ளைத் துணியில் சுற்றி, மனிதர் கால்படாத இடத்தில் குழிதோண்டி அடக்கம் செய்தோம். உம்மா மச்சுச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலமாரியின் மேல் இருந்த ஏழு பைகளில் நாட்காட்டிகளுக்கும் அழைப்பிதழ்களுக்கும் இடையே இரண்டு அரபுத்தமிழ் நூல்கள் முழுமையாகக் கிடைத்தன. உம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கத்தைத் தடங்கலின்றி வாசித்தார்கள். ராத்தாவுக்கு அந்த வாசிப்பு தெரியாது. எனக்கும் தெரியாது. உம்மாவுக்குத் தெரியும் என்பதே எங்கள் இருவருக்கும் தெரியாது.

அன்று இரவு உம்மா தம் பாக்குவெட்டியைத் தேடினார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிற்பகலில் பழைய இரும்புக் கடைக்காரரிடம் எடைக்குப் போட்ட துருப்பிடித்த சாமான்களோடு ஒரு பாக்குவெட்டியும் இருந்ததை நினைவுகூர்ந்தேன். உம்மா வெற்றிலை போடுவதை விட்டுப் பத்து ஆண்டுகளாகின்றன. ஆயினும் அது அவர்களுடைய உம்மாவின் கையில் இருந்தது. விடிந்ததும் கடைக்கு ஓடி, இரும்புக் குவியலில் ஒரு மணி நேரம் துழாவி எடுத்தேன். கிலோக் கணக்கில் விற்றதைத் தனிப்பொருளாகத் திரும்ப வாங்கினேன். கடைக்காரர் கேட்ட விலையை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. பிறருடைய பொருளை அவரிடம் கேளாமல் அகற்றுவது ஒழுங்குபடுத்துதல் ஆகாது என்று ராத்தா சொன்னதற்கு நான் மறுமொழி கூறவில்லை.

நான்கு நாட்களில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ராத்தா தம் ஆண்மக்களின் பொருள்களை வைத்துப் பூட்டியிருந்த அறையைத் திறக்கவே இல்லை. "அவர்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள்" என்றார். பள்ளிச் சீருடைகளும் பழுதடைந்த மிதிவண்டியும் உள்ளே இருக்கின்றன. அவற்றுக்கு உரியவர்கள் பள்ளிப் பருவத்தைக் கடந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. நான் வாதிட்டேன், தோற்றேன். ஆனால் மற்ற மூன்று அறைகள் மீண்டும் மனிதர்களுக்குக் கிடைத்தன. கீழறையில் உம்மாவின் கட்டிலைப் போட்டோம். அதைச் சுற்றித் தரையில் ஒரு பொருளும் இல்லை. மச்சில் தெற்குப் பார்த்த அறைக்குச் சுண்ணாம்பு அடித்து மணமக்களுக்கென ஒதுக்கினோம். மூன்றாவது அறையில் தொழுகை விரிப்பும் உயிர்பிழைத்த கிதாபுகளும் மருமகளின் படிப்பு மேசையும். தரையில் வைத்தே தீர வேண்டிய பெட்டிகளை, இடுப்பளவு உயரத்தில் தச்சரைக் கொண்டு அடித்த பலகைத் தட்டுகளில் ஏற்றினோம். கொத்தனாரை இப்போதைக்கு வர வேண்டாம் என்று ராத்தாவே சொல்லியனுப்பினார்.

நான்காம் நாள் மாலை. எஞ்சியிருந்தது ஒரே ஓர் அட்டைப்பெட்டி. பரணின் கடைக்கோடியில் இருந்ததால் வெள்ளம் அதைத் தொடவில்லை. மர்ஹூம் வாப்பா 1988இல் தம்மாமிலிருந்து கொண்டுவந்தது. உள்ளே ஒன்றுமில்லை; வெறும் பெட்டி. இருந்தும் அதை மட்டும் கொடுக்க முடியாது என்று உம்மா மறுத்துவிட்டார்கள். காரணத்தைச் சொல்லவில்லை. மருமகள்தான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டில், தடித்த மைக்கோலால் எழுதிய எழுத்துகள். வாப்பாவின் பெயர், எங்கள் தெருவின் பெயர், அதன் கீழே பெரிதாக, "கண்ணாடிச் சாமான். பார்த்து இறக்கவும்." விமான நிலையத்தில் எவர் வாசிப்பார் என்று அதைத் தமிழில் எழுதினாரோ!

மருமகள் என்னைப் பார்த்தாள். பிறகு உம்மாவைப் பார்த்தாள். "வெட்டட்டுமா?" என்று கேட்டாள். உம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தலையசைத்தார்கள். அவள் கத்தரிக்கோலை எடுத்து, எழுத்துகள் சிதையாமல் அந்த ஒரு பக்கத்தை மட்டும் வெட்டியெடுத்துக் கொடுத்தாள். உம்மா அதை முந்தானையால் துடைத்து, கட்டிலின் தலைமாட்டில் சுவரோடு சாய்த்து வைத்தார்கள்.

மீதி அட்டையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு நான் மச்சிலிருந்து இறங்கினேன். மஃக்ரிப் நேரம், விளக்கு இன்னும் போடவில்லை. பழக்கத்தால் ஒவ்வொரு படியிலும் காலால் தடவித் தடவி இறங்கினேன். 14 படிகளிலும் ஒன்றும் தட்டுப்படவில்லை.